வெயில் பக்கம் போன தேத்தண்ணி

1

நிரோஜன், அபிராமி, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன்.

நிரோஜன், போன கிழமை நீ லண்டனில் இருந்து அனுப்பிய வீடியோவை அம்மா இருபது தரமாவது பார்த்துவிட்டாள். கொளுத்தும் வெயிலில், பச்சைக் குடையின் காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் மீன் ரோல்ஸும் மறு கையில் தேத்தண்ணியுமாக அமெரிக்க உதைபந்தாட்டம் பார்க்கிற அந்தப் பெண் உன்னுடைய தாயேதான். சந்தேகம் வேண்டாம். உன்னோடு வேலை செய்கிறவர்கள் அதை உனக்கே காட்டிச் சிரித்தார்கள் என்றும், இது என்ன கூத்து என்றும் கேட்டிருந்தாய். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது.

அபிராமி, உனக்குப் பாதிக் கதை தெரியும், மைக்குக்குப் பின்னால் நின்ற பாதி. மைதானத்தில் தடி பிடித்து நின்றவனுக்குத்தான் மற்றப் பாதி தெரியும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் எங்கள் பழைய கரப்பந்தாட்டக் கழகம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறதாம். வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதையே அவர்களுக்கும் அனுப்பப் போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், சலித்துக்கொள்ளாமல் வாசியுங்கள். நிரோஜன், தமிழ் வாசிக்கக் கஷ்டமென்றால் தங்கச்சிக்கு ஃபோன் போட்டு வாசிக்கச் சொல்லிக் கேள்.

2

என்னுடைய நாள் உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் பலேர்மோவின் வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் இருக்கிற சிஞ்ஞோரா பீனாவின் வீடு. அவவுக்குக் கோப்பி, மருந்து, சந்தை, மத்தியானச் சாப்பாடு. இரண்டு மணிக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு நடந்து, பகேரியாப் பக்கம் போகிற ரயிலில் ஏறி, பாதி வழியில் இறங்கினால் மைதானம். அங்கே உடுப்பு மாற்றும் அறைகளைக் கழுவுவதும் கோடு போடுவதும் என் வேலை. பல வருடமாக அங்கே உதைபந்தாட்டம் மட்டும்தான் நடந்தது.

போன வருடம் மாசி மாதம் புதிதாக ஒரு அணி வந்து மைதானத்தை வாடகைக்கு எடுத்தது. பெயர் ஷிரோக்கோ. ஆப்பிரிக்காவில் இருந்து வந்து எங்கள் கொடியில் காய்கிற உடுப்பெல்லாம் மண்ணாக்கிவிட்டுப் போகுமே, அந்தச் சூட்டுக் காற்றின் பெயர். ஐரோப்பாவில் எட்டு நகரங்களைச் சேர்த்து, சம்பளம் கொடுத்து அமெரிக்க உதைபந்தாட்டம் நடத்தப் போகிறார்களாம். பலேர்மோவுக்கு மனேஜர் சால்வோ என்கிற மொட்டைத் தலை மனிதர். அவரிடம் இரண்டு ஃபோன் உண்டு. இரண்டும் ஒரேநேரத்தில் அடிக்கும்.

அமெரிக்காவில் இருந்து ஆறு பேர் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரும் ஒரு அலுமாரி. நான் நிலம் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர்களுடைய கடவுச்சீட்டுகள் மேசையில் சும்மா கிடந்தன. வந்து எத்தனை நாள் என்று சால்வோவிடம் கேட்டேன். ஆறு நாள் என்றார். பெர்மேஸோவுக்கு, அதுதான் வதிவிட அனுமதிக்கு, தபால் கந்தோரில் படிவம் எடுத்தாயிற்றா, முத்திரை வாங்கியாயிற்றா, நாலு படம், வீட்டுக்காரரின் கடிதம் என்று நான் கேட்கக் கேட்க அவருடைய முகம் வெளுத்துக்கொண்டே போனது. எட்டு நாளுக்குள் பதியாவிட்டால் சிக்கல் என்றேன். மனிதர் இரண்டு ஃபோனையும் மேசையில் வைத்துவிட்டு என்னைக் கதிரையில் இருத்தினார். இருபத்திரண்டு வருடம் வரிசையில் நின்று படித்த படிப்புக்கு அன்றைக்குத்தான் முதல் தரம் கதிரை கிடைத்தது.

படிவங்களைப் போட்டு, கைரேகைக்கு நாள் வந்ததும் ஆறு பேரையும் குவெஸ்தூராவுக்கு, அந்தப் பொலிஸ் தலைமையகத்துக்கு, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். என் ஆங்கிலம் போதாதென்று அபிராமியையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் எங்கள் சூசை அண்ணை தன் பெர்மேஸோவுக்காக நின்றார். மன்னார்க்காரர், கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, ஆரடாப்பா இந்த மலையள்?"

"எங்கட பொடியள் அண்ணை."

"சாப்பாடு குடுத்துக் கட்டுப்படியாகுமோ?"

டெரெல் என்கிற பொடியன்தான் பந்தை எறிகிற தலைவன். அவனுடைய பெருவிரல் அந்தக் கைரேகைக் கண்ணாடியில் அடங்கவில்லை. அலுவலர் நாலு தரம் அழுத்தச் சொன்னார். டெரெல் என்னைப் பார்த்து, நீங்கள் இதை எத்தனை தரம் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டான். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி விரலை வைத்தான்.

அந்த ஒரு காலையில் அபிராமி அலுவலரோடு இத்தாலியன், காவல்காரனோடு சிசிலியன், பொடியன்களோடு ஆங்கிலம், என்னோடு ஏதோ ஒன்று என்று மாறி மாறிக் கதைத்ததைச் சால்வோ பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த நாளே அவளுக்கு அணியில் வேலை. முதலில் மொழிபெயர்ப்பு. பிறகு அறிவிப்பாளர். பிறகு சால்வோவின் இரண்டு ஃபோனில் ஒன்றும் அவளிடம் வந்தது.

எனக்கும் ஒரு பதவி வந்தது. இந்த விளையாட்டில் பந்து கையில் இருக்கிற அணிக்கு நாலு தரம் வாய்ப்பு. அந்த நாலுக்குள் முப்பது அடி முன்னேற வேண்டும். முன்னேறினால் நடுவர் முன்பக்கம் கையை நீட்டுவார், புதிதாக நாலு தரம் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து மற்றவனுக்கு. அந்த முப்பது அடியை அளக்க இரண்டு தடியும் நடுவில் ஒரு சங்கிலியும் உண்டு. அமெரிக்காக்காரன் சந்திரனுக்குப் போன பிறகும் இதைச் சங்கிலியால்தான் அளக்கிறான். ஒரு தடி சால்வோவின் மைத்துனன் கையில். முன் தடி என் கையில். மஞ்சள் அங்கியும் தந்தார்கள்.

"இவரை ரோட்டு வேலைக்கு எடுத்திட்டினம்" என்றுதான் அம்மா ஊருக்கு ஃபோனில் சொன்னாள்.

3

புதிய லீக் ஒன்று எப்படிச் சாகும் என்று எனக்கு முன்னமே தெரியும். நாங்கள் ஊரில் ஒன்றைச் சாகடித்திருக்கிறோம்.

எனக்கு இருபது வயதிருக்கும். ஆறு கழகங்களைச் சேர்த்துக் கரப்பந்தாட்ட லீக் தொடங்கினோம். நோட்டீஸ் அடித்தோம், ஒலிபெருக்கி கட்டினோம். முதல் கிழமை சனம் வேலியில் ஏறி நின்று பார்த்தது. இரண்டாம் கிழமை ஒரு கழகத்துக்கு ஆள் காணாது. மூன்றாம் கிழமை நடுவரே ஒரு பக்கத்துக்கு விளையாடினார். ஐந்தாம் கிழமை, வலை வைத்திருந்த தருமண்ணைக்குக் கலியாணம் சரிவந்தது. பெண் வீடு வேறு ஊர். அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார், லீக் முடிந்தது. மலரை வாசிக்கிற கழகக்காரர் யாராவது இதை மறுத்தால் அந்த நோட்டீஸை நான் இன்னும் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதைச் சால்வோவிடம் அபிராமியை வைத்துச் சொன்னேன். சிரித்துச் சிரித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் வலை டிவிக்காரரிடம் இருக்கிறது என்றார்.

அவருடைய துயரங்களைக் கேட்டால் நீங்களும் அப்படித்தான் சிரிப்பீர்கள். தலைக்கவசங்கள் துறைமுகச் சுங்கத்தில் மாட்டி, விளையாட்டுச் சாமானா பாதுகாப்புச் சாமானா என்று மூன்று கிழமை கிடந்தன. எங்கள் பொடியன்கள் அதுவரை மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு பழகினார்கள். ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்டம் என்பதால் சனிக்கிழமை நான் போட்ட கோடு முழுவதையும் ஆட்டம் முடிந்த கையோடு நானே கழுவ வேண்டும். புல் கிழிந்துபோனதென்று உதைபந்தாட்டக்காரரின் முறைப்பாடு வேறு. காப்புறுதிக்காரர் ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. ஊர்ச் சனம் முதல் ஆட்டத்துக்கு நிறைய வந்தது. ஆறு விநாடி ஓடி இரண்டு நிமிடம் நிற்கிற விளையாட்டு என்ன விளையாட்டு என்று இடைவேளையோடு போய்விட்டது. எட்டு அணியில் ஒன்று நடுப் பருவத்தில் பஸ்ஸோடு காணாமல் போனது. எதிரணி மைதானத்தில் நிற்கிறது, இவர்கள் வரவேயில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எங்கள் பொடியன்கள் விழுந்து எழும்பி விளையாடினார்கள். எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்துப்போனது. நாலு தரம் தருகிற விளையாட்டு வேறு எது இருக்கிறது?

4

வைகாசி கடைசியில் சால்வோ எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். அடுத்த வருடம் ஆறு அணிதானாம், ஏழில் ஒன்று போகும். நாங்களும் இன்னொரு நகரமும் இழுபறி. ஆனி மாதம் எங்கள் கடைசி ஆட்டத்தை டிவியில் காட்டுவார்கள். அதைப் பார்த்து லீக்கின் பெரியவர்கள் முடிவு சொல்வார்கள். வென்றாலும் தோற்றாலும் கவலையில்லை. திரையில் ஆட்கள் தெரிய வேண்டும். வெறும் கதிரையைக் காட்டினால் பார்க்கிறவன் சானலை மாற்றுவான்.

அன்று வீட்டில் அபிராமி சாதாரணமாகச் சொன்னாள். "டீம் இல்லாமல் போனால் நான் லண்டனுக்கு அண்ணாட்டை போறன் அப்பா. இஞ்சை வேறை என்ன வேலை கிடக்கு?"

இப்போது சொல்கிறேன். எனக்கு அந்த லீக் வாழ வேண்டும் என்ற ஆசை முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருந்து வந்ததுதான். நிரோஜன், நீ போன பிறகு உன் கட்டிலில் அம்மா இஸ்திரி போட்ட உடுப்பு வைக்கத் தொடங்கினாள். இன்னொரு கட்டிலிலும் உடுப்பு அடுக்கிப் பார்க்க எனக்கு மனமில்லை.

அதனால் ஆள் சேர்க்கிற வேலையை நான் எடுத்தேன். இத்தாலிக்காரர் வராவிட்டால் என்ன, இந்த நகரத்தில் நாங்கள் இல்லையா? சந்தா ரொசாலியா மாதாவின் மலைக்கு, இந்து, வேதக்காரர் என்று பாராமல் எவ்வளவு சனம் வெறுங்காலோடு ஏறுகிறது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு வாட்ஸப்பில் சொன்னால் காணாது. வீட்டுக்கு வந்து சொல்லவில்லை என்பார்கள். ஆகவே நானும் சூசை அண்ணையும் இரண்டு ஞாயிறு வீடு வீடாகப் போனோம்.

"கலியாணத்துக்குச் சொல்லுற மாதிரி குங்குமத் தட்டத்தோடையோ போறியள்?" என்று அம்மா கேட்டாள்.

தட்டம் இல்லை, மற்றதெல்லாம் அதேதான். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி குடித்தோம். ஆட்டம் மூன்றரைக்கு. நாங்கள் இரண்டு மணி என்று சொன்னோம். எங்கள் ஆட்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா?

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கூப்பிட்ட விருந்தாளிகளை ஆனி மாத வெயிலில் இருத்த முடியுமா? மேற்குப் பக்கத்தில் கூரை போட்ட மேடை இருக்கிறது. பின்னேரம் முழுக்க நிழல். எதிரே கிழக்கு மேடைக்குக் கூரையும் இல்லை, முகத்துக்கு நேரே வெயில். சால்வோவிடம் நிழல் மேடை முழுவதையும் எங்கள் ஆட்களுக்குத் தரும்படி கேட்டேன். அவர் ஒரு ஃபோனில் கதைத்துக்கொண்டே கையைக் காட்டினார், எடுத்துக்கொள் என்று. நான் ஒவ்வொரு வரிசையிலும் கடதாசி ஒட்டினேன். பெருமையாக இருந்தது.

5

ஆட்டம் தொடங்கும்போது நிழல் மேடையில் இடமில்லை. கைக்குழந்தையில் இருந்து கிழவர் வரை வந்திருந்தார்கள். சேலை, பட்டு வேட்டி, ஷிரோக்கோ தொப்பி எல்லாம் தெரிந்தன. மஞ்சள் அங்கியோடு கிழக்குக் கோட்டில் தடி பிடித்து நின்ற நான், எதிரே அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரணி புள்ளி எடுத்தாலும் எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். விருந்துக்கு வந்த இடத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

இடைவேளைக்கு முன்னால் என் ஃபோன் நடுங்கியது. அபிராமி. அவள் நிழல் மேடையின் உச்சியில், கண்ணாடி அறைக்குள் இருந்தாள்.

"அப்பா, டிவியில ஒரு சனமும் இல்லை."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? நான் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறன், இருக்க இடமில்லாமல் கிடக்கு."

"நீங்கள் பாக்கிறியள். கமரா பாக்கேல்லை. கமரா எங்கட தலைக்கு மேல கூரையில நிக்குது. அதுக்குத் தெரியிறது நீங்களும் உங்கட தடியும் மட்டும்தான்."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கிழக்கு மேடை முழுவதும் வெறும் கதிரை, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் நான், ஒரு மணித்தியாலமாக ஐரோப்பா முழுவதுக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இடைவேளை விசில் அடித்ததும் தடியைப் போட்டுவிட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடினேன். சூசை அண்ணையிடம் மூச்சிரைக்க விசயத்தைச் சொன்னேன். அவர் வெயில் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீதானே தம்பி கடதாசி ஒட்டி இருத்தினனீ. இப்ப எழும்பு எண்டால் சனம் என்ன நினைக்கும்?"

அதுதான் சிக்கல். பந்தியில் இருத்திய ஆளை எழுப்புவது எங்களில் யாரால் முடியும்? முன்வரிசையில் இருந்த சிலரைக் கெஞ்சினேன். இஞ்சை நல்ல காத்து வருது தம்பி என்றார்கள்.

உங்கள் அம்மா இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சூசை அண்ணையின் பெரிய தேத்தண்ணிப் பானையும் ரோல்ஸ் பெட்டிகளும் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. இடைவேளைக்கென்று இன்னும் திறக்கவில்லை.

"ஆக்களை ஏன் கெஞ்சுறியள்? தேத்தண்ணியை அங்காலை கொண்டு போங்கோ. தங்கட பாட்டில வருவினம்."

அன்று காயத்தால் விளையாடாமல் இருந்த இரண்டு அமெரிக்க அலுமாரிகளைக் கூப்பிட்டேன். ஒருவன் பானையை ஒரு பக்கம் பிடிக்க, மற்றவன் மறுபக்கம் பிடிக்க, இருவரும் மைதானத்தின் நடுக்கோடு வழியாக நடந்தார்கள். பின்னால் நான் தலையில் ரோல்ஸ் பெட்டியோடு. எனக்குப் பின்னால் அம்மா பச்சைக் குடையை விரித்துக்கொண்டு. சாமி ஊர்வலம் போலத்தான் இருந்தது.

பாதி வழியில் ஒலிபெருக்கி இருமியது. இத்தாலியனில் ஏதோ வரப் போகிறது என்று நினைத்தேன்.

"மாமாமார், மாமிமார், எல்லாருக்கும் வணக்கம். நான் அபிராமி கதைக்கிறன். தேத்தண்ணியும் ரோல்ஸும் வெயில் பக்கம் போகுது. எங்கட கடதாசி பிழையான பக்கம் ஒட்டுப்பட்டுப் போச்சு, அப்பாவை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. குடை வச்சிருக்கிற ஆக்கள் குடையோட வாங்கோ. குடை இல்லாத ஆக்கள் குடை இருக்கிற ஆக்களோட சேர்ந்து வாங்கோ. இது எங்கட வீட்டு விசேஷம். எனக்காக வாங்கோ."

நான் நடுமைதானத்தில் நின்றுவிட்டேன். பெட்டி தலையில் இருந்தபடியால் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. பத்து வருடமாக, வெளியில் நாலு பேருக்கு முன்னால் நான் தமிழில் கேட்டால் இத்தாலியனில் பதில் சொல்கிற பிள்ளை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சனிக்கிழமைகளில் இழுத்துக்கொண்டு போய் விடுவேன், அழுவாள். அந்தப் பிள்ளையின் குரல், எங்கள் தமிழில், அந்த மைதானத்தின் நாலு மூலையில் இருந்தும் வந்தது. ஒரு எழுத்துத் தடக்கவில்லை.

அம்மா பின்னால் இருந்து முதுகில் தட்டினாள். "நடவுங்கோ, ரோல்ஸ் ஆறுது."

சனம் எழும்பியது. முதலில் குழந்தைகள், பிறகு அவர்களைப் பிடிக்கப் போன தாய்மார், பிறகு எல்லாரும். எங்கள் பெண்கள் ஆனி மாதத்தில் குடை இல்லாமல் வெளிக்கிடுவார்களா? சிவப்பு, நீலம், பூப் போட்டது, ஓட்டை விழுந்தது என்று கிழக்கு மேடை முழுவதும் குடை விரிந்தது. சூசை அண்ணையின் பாட்டுக்குழு மேளத்தை எடுத்தது. இரண்டாம் பாதி தொடங்கும்போது என் முதுகுக்குப் பின்னால் அப்படி ஒரு சத்தம். டெரெல் பந்தை எறிய முன்னால் ஒரு கணம் நின்று குடைகளைப் பார்த்தான். அந்த எறி எங்கோ போனது. அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு புள்ளியால் தோற்றோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. நல்ல விசேஷம் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

6

பத்து நாள் கழித்துச் சால்வோ ஃபோன் எடுத்தார். பலேர்மோ இருக்கிறது, அடுத்த வருடமும் ஆடுகிறது. நான் சிஞ்ஞோரா பீனாவின் குசினியில் நின்றேன். கையில் இருந்த கரண்டியோடு ஆடினேன். அவ பயந்துபோய் தான் மருந்தை மாறிக் குடித்துவிட்டாவோ என்று கேட்டா.

அன்று பின்னேரம் அம்மா பாயாசம் காய்ச்சினாள். அபிராமி வந்து, சாப்பிடாமல், ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள். ஜெர்மனியில் இருக்கிற லீக்கின் தலைமை அலுவலகத்தில் இருந்து வந்தது. பெரியவர்கள் ஒரு கேள்விதான் கேட்டார்களாம். ஐந்து நிமிடத்தில், ஒரு மைக்கை வைத்துக்கொண்டு, ஒரு மேடை முழுவதையும் வெயிலுக்கு நகர்த்திய அந்தப் பிள்ளை யார்? எல்லா அணிகளுக்கும் ஆள் சேர்க்கிற வேலைக்கு அவள் வேண்டுமாம். புரட்டாதியில் தொடக்கம்.

நான் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. பிள்ளை போகக் கூடாதென்றுதான் வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். நானே தலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்கு வழி திறந்துவிட்டிருக்கிறேன். அம்மாவுக்கும் விளங்கியது. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

"அப்பா, போகவோ?"

"உனக்கு அங்கை போக பெர்மேஸோ எடுக்கத் தேவையில்லையே பிள்ளை."

"இல்லை. நான் இத்தாலிப் பாஸ்போட்டெல்லோ."

"வரிசையும் இல்லையோ?"

"இல்லை அப்பா."

"அப்ப என்னத்துக்கு என்னட்டைக் கேக்கிறாய்?" என்றேன். பாயாசத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் குடித்தாள். இரண்டாம் கோப்பையும் குடித்தாள்.

நிரோஜன், நீ பார்த்த வீடியோ அடுத்த பருவத்துக்கான லீக்கின் விளம்பரம். அதைச் செய்தது உன் தங்கச்சிதான். முதல் படமாகத் தாயை வைத்திருக்கிறாள். தடியோடு பல்லைக் காட்டி நிற்கிற தகப்பனை வெட்டிவிட்டாள், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

7

அபிராமி, உன்னை விமான நிலையத்தில் விட்ட அன்று அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போனேன் என்று உனக்குச் சொன்னேன். அன்று மைதானத்தில் வேலை இருக்கவில்லை. பருவம் முடிந்து பூட்டியிருந்தது. திறப்பு என்னிடம் இருந்தது.

களஞ்சிய அறையில் இருந்து தடிகளையும் சங்கிலியையும் எடுத்தேன். புல் வளர்ந்து என் கோடெல்லாம் மறைந்திருந்தது. வெயில் மேடைக்கு முன்னால், நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் பின் தடியைக் குத்தினேன். பிடிக்கச் சால்வோவின் மைத்துனன் இல்லை, ஆகவே நன்றாக ஆழமாகக் குத்தினேன். முன் தடியை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தேன். சங்கிலி புல்லுக்குள் இருந்து எழும்பி எழும்பி வந்தது. முப்பதாவது அடியில் இறுகி நின்றது. அந்த இடத்தில் தடியை நட்டேன்.

பிறகு, நடுவர் செய்வது போலக் கையை நேரே வடக்குப் பக்கம் நீட்டினேன்.